வராமல் போன நெஞ்செரிச்சல்

சென்ற மாதம் ஒருவர் தம் மனைவியின் பித்தப்பைக் கல்லுக்கு ஆலோசனை கேட்டு என் அறைக்கு வந்திருந்தார். மனைவியின் ஸ்கேன் அறிக்கையைப் பார்த்து முடித்த பிறகு, "என்னைத் தெரியுதுங்களா டாக்டர்?" என்று கேட்டார். தெரியவில்லை. சட்டையைச் சற்று உயர்த்தி வயிற்றில் இருந்த ஐந்து சிறு தழும்புகளைக் காட்டியதும் நினைவு வந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன், படுத்தால் புளித்த நீர் தொண்டைவரை ஏறுகிறது என்று மூன்று தலையணை வைத்து உட்கார்ந்தபடியே உறங்கிக்கொண்டிருந்த மனிதர் அவர். இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அப்படி ஒரு தொல்லை இருந்ததே மறந்துபோச்சுங்க" என்றார். மனைவியைப் பற்றிய பேச்சு தொடர்ந்தது. ஆனால் அந்த ஒரு வரியை அன்று மாலை நான் என் பதிவேட்டில் எழுதி வைத்தேன். அவருக்கு நான் செய்த அறுவை சிகிச்சைக்கு ருடால்ஃப் நிஸ்ஸன் என்ற அறுவை மருத்துவரின் பெயர் வழங்குகிறது. அந்தச் சிகிச்சை பிறந்த கதையும் இதே போன்ற ஒரு வரியில்தான் தொடங்குகிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஒருவருக்கு வேறொரு காரணத்துக்காகச் செய்த அறுவையின் பின், வந்திருக்க வேண்டிய நெஞ்செரிச்சல் ஏன் வரவில்லை என்று ஒரு மருத்துவர் வியந்ததே அதன் தொடக்கம்.

நிஸ்ஸனின் கதைக்குள் போகுமுன் எதுக்களிப்பு, அதாவது இரைப்பையில் உள்ளது மேலேறி உணவுக்குழாய்க்குள் வருவது, எப்படி நேர்கிறது என்பதைச் சற்றுச் சொல்ல வேண்டும். உணவுக்குழாய் மார்புக்கூட்டின் வழியே இறங்கி, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரையான உதரவிதானத்தில் உள்ள ஒரு துளையைக் கடந்து, வயிற்றுக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூரம் வந்து இரைப்பையோடு சேர்கிறது. இந்தச் சந்திப்பில் கண்ணுக்குத் தெரியும் கதவு என்று எதுவும் கிடையாது. சுருங்கியே இருக்கும் ஒரு தசை வளையம், வெளியிலிருந்து அதைப் பிடித்துக்கொள்ளும் உதரவிதானத்தின் தசைக்கால்கள், குழாய் இரைப்பைக்குள் சாய்வாக நுழைவதால் உண்டாகும் கூர்ங்கோணம், குழாயின் கடைசிப் பகுதியின் மேல் வயிற்றுக்குள் நிலவும் அழுத்தம் ஆகிய எல்லாம் சேர்ந்துதான் கதவின் வேலையைச் செய்கின்றன. இவற்றில் ஒன்று தளர்ந்தால் மற்றவை ஓரளவு ஈடுகட்டும். இரண்டு மூன்று தளர்ந்தால் இரைப்பையின் அமிலம் மேலேறும். இரைப்பையின் உட்சுவர் அமிலத்தைத் தாங்கும்படி அமைந்தது, உணவுக்குழாயின் உட்சுவர் அப்படி அமைந்ததன்று. அதனால்தான் எரிச்சலும், நாள்பட்டால் புண்ணும், புண் ஆறும்போது குழாய் சுருங்குதலும், சிலருக்கு உட்சுவரின் தன்மையே மாறிவிடுதலும் நேர்கின்றன.

ருடால்ஃப் நிஸ்ஸன் 1896-இல் சிலேசியாவில் உள்ள நைஸ்ஸே என்ற ஊரில், ஓர் அறுவை மருத்துவரின் மகனாக, யூதக் குடும்பத்தில் பிறந்தார். அன்று ஜெர்மனியில் இருந்த அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. மருத்துவம் படிக்கும் வயதில் முதல் உலகப்போர் வந்தது. போரில் அவருடைய நுரையீரலில் குண்டு பாய்ந்தது. உயிர் பிழைத்தாலும் அந்தக் காயத்தின் பின்விளைவுகள் வாழ்நாள் முழுவதும் அவரை விடவில்லை. மார்பில் காயம்பட்ட ஒருவர் பிற்காலத்தில் மார்பைத் திறக்கும் அறுவை மருத்துவராக ஆனதை வெறும் தற்செயல் என்று என்னால் கடந்துபோக முடியவில்லை. விபத்துப் பிரிவில் பணியாற்றிய ஆண்டுகளில், முதல் நாள் உயிரைக் காப்பாற்றியதோடு வேலை முடிந்தது என்று எண்ணும் மனநிலை எனக்கும் இருந்தது. காயம் ஆறிய பின்னரும் பல ஆண்டுகள் ஓர் உடல் அந்தக் காயத்தோடு வாழவேண்டியிருக்கிறது என்பதை நிஸ்ஸன் தம் மூச்சிலேயே அறிந்திருந்தார்.

1921-இல் அவர் மியூனிக்கில் ஃபெர்டினான்ட் சாவர்ப்ருக்கிடம் சேர்ந்தார். மார்பைத் திறந்தால் நுரையீரல் சுருங்கி நோயாளி இறந்துவிடுவார் என்ற நிலையைக் குறைந்த அழுத்த அறை ஒன்றைக் கட்டி மாற்றியவர் சாவர்ப்ருக். அக்கால ஐரோப்பாவில் மார்பு அறுவை என்றால் அவர் பெயர்தான். 1927-இல் சாவர்ப்ருக் பெர்லினில் உள்ள ஷாரிட்டே மருத்துவமனைக்குப் போனபோது நிஸ்ஸனும் உடன் போனார். அங்கே 1931-இல் 12 வயதுச் சிறுமி ஒருத்தி அவரிடம் வந்தாள். மார்பில் பட்ட பலத்த அடிக்குப் பின் அவளுடைய இடது நுரையீரல் நாட்பட்டுச் சீழ்பிடித்துக் கெட்டுப்போயிருந்தது. முழு நுரையீரலையும் எடுப்பது தவிர வேறு வழியில்லை. ஆனால் அப்படி எடுத்து ஒருவர் பிழைத்ததாக அதுவரை முன்னுதாரணம் இல்லை. அறுவை நடந்துகொண்டிருக்கும்போதே சிறுமியின் இதயம் நின்றது. இதயத்தை மீட்டு, அறுவையைப் பாதியில் நிறுத்தி, சில நாள் கழித்து மீண்டும் மார்பைத் திறந்தார். நுரையீரலின் வேர்ப்பகுதியை இறுகக் கட்டிவிட்டார். இரத்தம் போகாத நுரையீரல் நாளடைவில் தானே கழன்று வந்தது. சிறுமி பிழைத்தாள். அமெரிக்காவில் எவார்ட்ஸ் கிரேஹம் புற்றுநோய்க்காக ஒரே அறுவையில் முழு நுரையீரலை எடுத்தது இதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1933-இல்.

பாதியில் நிறுத்திய துணிவைத்தான் நான் இதில் பெரிதாக மதிக்கிறேன். விபத்துக் காயங்களுக்கு இன்று நாம் பின்பற்றும் முறைகளில் முக்கியமான ஒன்று, உடல் தாங்காத நேரத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சரிசெய்ய முற்படாமல், இரத்தப்போக்கை நிறுத்தி, வயிற்றைத் தற்காலிகமாக மூடி, நோயாளியைச் சூடேற்றித் தேற்றிய பின் மறுபடி அறுவைக்கு எடுத்துச் செல்வதாகும். இந்த முறை பொதுவழக்கானது 1990-களில்தான். நிஸ்ஸனின் காலத்தில் அதற்குப் பெயரும் இல்லை, பாடமும் இல்லை.

1933-இல் ஹிட்லரின் ஆட்சி வந்தது. அந்த ஆண்டிலேயே நிஸ்ஸன் ஜெர்மனியை விட்டு வெளியேறினார். துருக்கியில் அப்போது முஸ்தபா கெமாலின் அரசு இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தைப் புதிதாக அமைத்துக்கொண்டிருந்தது; ஜெர்மனியில் இடமிழந்த பேராசிரியர்கள் பலருக்கு அது இடம் கொடுத்தது. நிஸ்ஸன் அங்கே அறுவை மருத்துவத் துறையின் தலைவரானார். ஒரு நாடு துரத்திய அறிவை இன்னொரு நாடு மரியாதையோடு அழைத்து இருத்திய அந்தச் செயலுக்கு மருத்துவ உலகம் பட்டிருக்கும் கடன் சிறிதன்று.

இஸ்தான்புல்லில்தான், 1936-இல், அந்த நோயாளி வந்தார். வயது 28. உணவுக்குழாயின் அடிப்பகுதியில் ஆழமாகத் துளைத்துச் சென்ற புண். நிஸ்ஸன் மார்பின் வழியே சென்று, உணவுக்குழாயின் கடைசிப் பகுதியையும் இரைப்பையின் வாயையும் வெட்டி எடுத்துவிட்டு, மிஞ்சிய குழாயை இரைப்பையோடு சேர்த்துத் தைத்தார். உணவுக்குழாயில் போடும் தையல் எளிதில் ஒட்டுவதில்லை. மற்றக் குடல்களுக்கு இருக்கும் வெளிப்படலம் அதற்கு இல்லை. தையல் சற்றே விட்டால் மார்புக்குள் எச்சிலும் அமிலமும் கசிந்து நோயாளி சில நாளில் இறந்துபோவார். அந்தப் பயத்தில் நிஸ்ஸன் ஒரு கூடுதல் காப்புச் செய்தார். வாயால் உண்ண முடியாதவர்களுக்கு வயிற்றின் வழியே குழாய் வைக்கும்போது, அந்தக் குழாயை இரைப்பைச் சுவரின் மடிப்புக்குள் புதைத்துத் தைக்கும் முறை ஒன்று உண்டு. விட்செல் என்பவரின் பெயரால் வழங்குவது. அப்படிச் செய்தால் இரைப்பையில் உள்ளது குழாயின் பக்கவாட்டில் கசிந்து வெளியே வராது. அதே போல் நிஸ்ஸன் உணவுக்குழாயின் நுனியை இரைப்பையின் மடிப்புக்குள் பொதிந்து, மேலே சுவரை இழுத்துப் போர்த்தித் தைத்தார். எதுக்களிப்பைப் பற்றி அவர் அப்போது நினைக்கவே இல்லை. தையல் பிரியாமல் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நோக்கம்.

நோயாளி பிழைத்தார். இரைப்பையின் வாயை வெட்டி எடுத்த ஒருவருக்குக் கதவே இல்லாமல் போய்விடுகிறது. அமிலம் தடையின்றி மேலேறிக் குழாய் வெந்துபோவதுதான் வழக்கம். இவருக்கு அப்படி ஆகவில்லை. ஆண்டுகள் கடந்தன. அவருக்கு நெஞ்செரிச்சல் இல்லை என்பதை நிஸ்ஸன் அறிந்துகொண்டே இருந்தார்.

இந்த இடத்தில் நான் நின்று யோசிக்காமல் இருந்ததே இல்லை. நோயாளி துன்பத்தோடு திரும்பி வந்தால் எந்த மருத்துவரும் கவனிப்பார். துன்பம் இல்லாமல் இருப்பவர் நம்மிடம் வருவதில்லை. வந்தாலும், நலமாக இருக்கிறார் என்று ஒரு சொல் எழுதி அனுப்பிவிடுகிறோம். வர வேண்டியது வரவில்லை என்பதைக் காண, வழக்கமாக என்ன வரும் என்பது முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும். அதோடு, பழைய நோயாளியை விசாரித்துக்கொண்டே இருக்கும் பழக்கமும் வேண்டும். நிஸ்ஸனுக்கு இரண்டும் இருந்தன. அந்தத் துருக்கிய இளைஞரை அவர் 19 ஆண்டுகள் மனத்தில் சுமந்து மூன்று நாடுகளைக் கடந்தார்.

1939-இல், பழைய நுரையீரல் காயத்தின் தொல்லையோடு, அவர் அமெரிக்கா சென்றார். புரூக்ளினில் பணியாற்றியபோது, 1948 டிசம்பரில், ஆல்பர்ட் ஐன்ஸ்டைனின் வயிற்றைத் திறந்து, பெருந்தமனியில் இருந்த வீக்கத்தைச் செல்லோஃபேன் தாளால் சுற்றினார். தமனியை மாற்றும் வசதி இல்லாத காலம் அது. சுற்றிய தாள் உண்டாக்கும் அழற்சியால் தமனியின் சுவர் தடித்து உறுதிப்படும் என்பது கணக்கு. ஐன்ஸ்டைன் அதன் பின் ஆறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். நிஸ்ஸனைப் பற்றிப் பேசினால் எல்லோரும் இதைத்தான் முதலில் சொல்கிறார்கள்; எனக்கு இது அவர் வாழ்வில் ஒரு துணைக்கதையாகவே தோன்றுகிறது.

அந்த ஆண்டுகளில் எதுக்களிப்பு பற்றிய சிந்தனை இங்கிலாந்தில் வேகமாக மாறிக்கொண்டிருந்தது. லண்டனில் நார்மன் பாரெட் உணவுக்குழாய்ப் புண்களைப் பற்றி 1950-இல் எழுதினார். உணவுக்குழாயின் உட்சுவரின் தன்மை மாறிவிடும் நிலையை இன்று 'பாரெட் உணவுக்குழாய்' என்று நாம் அவர் பெயரால்தான் சொல்கிறோம். அதே பாரெட்தான் உணவுக்குழாய் தானாகக் கிழியும் விபத்தையும் ஆராய்ந்தவர். பெருவிருந்துக்குப் பின் வாந்தியை வலிய வரவழைத்துக்கொண்ட டச்சுக் கடற்படைத் தளபதி வாசெனர் பிரபுவின் உணவுக்குழாய் கிழிந்து அவர் மாண்டதை, லைடன் நகரின் ஹெர்மன் போர்ஹாவ 1724-இல் பதிவு செய்தார். பிரேதப் பரிசோதனையில் மார்புக்கூட்டைத் திறந்தபோது பிரபு உண்ட வாத்துக்கறியின் வாசனை வந்தது என்று எழுதி வைத்திருக்கிறார். அதற்குப் பின் இரண்டு நூற்றாண்டுகளாக இந்த விபத்து கண்டவர்களுக்கு மரணம் ஏறத்தாழ உறுதியாகவே இருந்தது. பாரெட் 1946-இல் பழைய பதிவுகளையெல்லாம் திரட்டி, சீக்கிரம் கண்டுபிடித்துத் தைத்தால் காப்பாற்றலாம் என்று வாதிட்டார். அடுத்த ஆண்டே ஒரு நோயாளியின் கிழிந்த குழாயைத் தைத்து அவரைப் பிழைக்கவும் வைத்தார். வாந்திக்குப் பின் நெஞ்சுவலி, கழுத்துத் தோலுக்கடியில் காற்று என்றால் இரவு எந்த நேரமானாலும் எங்களை எழுப்பச் சொல்லிப் பயிற்சி மருத்துவர்களுக்கு நாங்கள் இன்றும் கற்பிப்பது அந்த வாதத்தைத்தான்.

இன்னொருவர் பிலிப் ஆலிசன். இரைப்பை உதரவிதானத் துளை வழியே மார்புக்குள் நழுவுவதுதான் எதுக்களிப்புக்கு மூலம் என்று 1951-இல் விளக்கி, அதைக் கீழே இறக்கிக் கட்டும் அறுவையை வகுத்தார். அது பரவலாகப் பின்பற்றப்பட்டது. அதன் பின் அவர் செய்த காரியத்தை நினைத்தால் எனக்குத் தலை வணங்கத் தோன்றுகிறது. இருபது ஆண்டுகளுக்கு மேல் தம் நோயாளிகளைப் பின்தொடர்ந்து, ஏறத்தாழ பாதிப் பேருக்கு நழுவலோ எதுக்களிப்போ திரும்பிவிட்டது என்று 1973-இல் தாமே அச்சில் வெளியிட்டார். வாழ்நாள் முழுதும் கற்பித்த அறுவையின் தோல்வியைத் தாமே எண்ணிச் சொல்ல எத்தனை பேரால் முடியும்?

நிஸ்ஸன் 1952-இல் சுவிட்சர்லாந்தின் பேசல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். இரைப்பையை இழுத்து வயிற்றின் முன்சுவரோடு தைக்கும் முறையை அவர் முன்பே செய்து பார்த்திருந்தார்; நழுவலுக்கு அது உதவினாலும் எதுக்களிப்புக்கு அதன் பலன் அவருக்கு நிறைவளிக்கவில்லை. 1955-இல், எதுக்களிப்பால் உணவுக்குழாய் புண்ணாகி அவதிப்பட்ட 49 வயதுப் பெண் ஒருவர் வந்தார். நழுவல் இல்லாத நோயாளி. ஆகவே ஆலிசன் முறைக்கு அங்கே வேலையில்லை. நிஸ்ஸனுக்கு இஸ்தான்புல் இளைஞர் நினைவுக்கு வந்தார். வயிற்றின் வழியே போய், இரைப்பையின் மேற்கூரைப் பகுதியை உணவுக்குழாயின் பின்னால் இழுத்து, முன்னே கொண்டுவந்து, கழுத்தைச் சுற்றித் துண்டு போர்த்துவது போலக் குழாயின் கடைசி ஆறு சென்டிமீட்டரைச் சுற்றித் தைத்தார். நான்கைந்து தையல்கள், குழாய் இறுகிவிடாமல் இருக்க உள்ளே ஒரு பருத்த குழல். இரைப்பை நிரம்பினால் போர்வை இறுகும், குழாயை மூடும். விழுங்கும்போது விலகி வழிவிடும். அந்தப் பெண்ணின் தொல்லை நீங்கியது. 1956-இல் சுவிஸ் மருத்துவ வார இதழில் வெளிவந்த கட்டுரையில் அவர் விவரித்தது இரண்டே இரண்டு நோயாளிகளை.

முதல் வடிவம் குறையற்றதன்று. போர்வை நீளமாகவும் இறுக்கமாகவும் இருந்ததால் பலருக்கு விழுங்கச் சிரமம் ஏற்பட்டது. ஏப்பம் விட முடியாமல் வயிறு உப்பியது. அவருடைய மாணவர் ரொசெட்டி, இரைப்பையின் முன்சுவரை மட்டும் வைத்துப் போர்த்தும் எளிய வடிவத்தை உருவாக்கினார். பிரான்சின் தூபே 1963-இல் முழுச் சுற்றுக்குப் பதிலாகப் பின்பக்கமாக அரைகுறைச் சுற்று போதும் என்றார். அமெரிக்காவில் டாம் டிமீஸ்டர் போர்வையை ஒன்றிரண்டு சென்டிமீட்டராகக் குறைத்து, தளர்வாகவும் ஆக்கினார். போர்த்துவதற்கு முன், யாருக்குப் போர்த்த வேண்டும் என்பதை அளந்து சொல்லும் வழியையும் தந்தவர் அவர்தான். 1974-இல் ஜான்சனும் அவரும் மூக்கின் வழியே ஒரு மெல்லிய கம்பியை இறக்கி, 24 மணி நேரம் உணவுக்குழாயின் அமிலத்தைத் தொடர்ந்து பதிவு செய்யும் சோதனையை முறைப்படுத்தினார்கள். அமிலத்தன்மை எண் (pH; அது குறையக் குறைய அமிலம் கூடும்) 4-க்குக் கீழே இறங்கிய நேரம், தடவைகள், படுத்திருக்கும்போது எவ்வளவு, நிற்கும்போது எவ்வளவு என்று ஆறு அளவுகளைக் கூட்டி ஓர் எண் வருகிறது. அது 14.72-ஐத் தாண்டினால் எதுக்களிப்பு உறுதி. நெஞ்செரிகிறது என்று சொல்லி வரும் எல்லோருக்கும் அமிலம் மேலேறுவதில்லை என்பதை இந்தச் சோதனையே மருத்துவர்களுக்குக் காட்டியது. 1991-இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் பெர்னார் தல்மாஞ் இதே அறுவையை லேப்ராஸ்கோப்பி வழியே செய்து வெளியிட்ட பின், நீண்ட வெட்டுக்குப் பதில் ஐந்து சிறு துளைகளே போதுமென்றாயிற்று.

இதற்கிடையே 1988-இல் அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமெப்ரசோல் என்ற மருந்து சந்தைக்கு வந்தது. பெரும்பாலோருக்கு மாத்திரையே போதும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மாத்திரை அமிலத்தைக் குறைக்கிறது, கதவைச் சரிசெய்வதில்லை. ஆகவே எரிச்சல் நின்றாலும், குனிந்தால் சோறும் நீரும் வாய்க்கு வரும் தொல்லை சிலருக்குத் தீராது. அவர்களுக்கே அறுவை. அமெரிக்காவின் படைவீரர் மருத்துவமனைகளில் ஸ்பெக்லர் என்பவர் நடத்திய இரண்டு ஆய்வுகளை நான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். முதலாவதில், அறுவை செய்துகொண்டவர்களைச் சுமார் பத்து ஆண்டுகள் கழித்துத் தேடிப்பிடித்துக் கேட்டபோது 62 விழுக்காட்டினர் மறுபடி மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தனர். இந்த எண்ணை அறுவையின் தோல்வி என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் மாத்திரையை ஒரு வாரம் நிறுத்திப் பார்த்தபோது, அறுவை செய்துகொண்டவர்களின் தொல்லை மருந்து மட்டும் எடுத்தவர்களைவிடத் தெளிவாகக் குறைவாகவே இருந்தது. 2019-இல் வெளிவந்த இரண்டாவது ஆய்வில், மாத்திரைக்கு அடங்காத நெஞ்செரிச்சல் என்று அனுப்பப்பட்டவர்கள் 366 பேர். ஒழுங்காக மாத்திரை எடுக்கச் சொல்லி, சோதனைகள் செய்து சலித்த பிறகு, எதுக்களிப்பே காரணம் என்று உறுதியாகி ஆய்வில் நின்றவர்கள் 78 பேர் மட்டுமே. அந்தச் சிறு குழுவில் அறுவை 67 விழுக்காட்டினருக்குப் பலன் தந்தது. கூடுதல் மருந்துகள் 28 விழுக்காட்டினருக்கே தந்தன. யாருக்குச் செய்கிறோம் என்பதில்தான் முக்கால் வெற்றி இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

நான் பயிற்சி பெற்ற இடத்தில், அறுவைக்குப் பின் ஆறு வாரத்தில் ஒரு முறை பார்ப்பதோடு அட்டை மூடப்படும். மழைக்காலத்தில் நனைந்த பழைய அட்டைகள் மூட்டையாகக் கட்டி அகற்றப்பட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தனியாகத் தொழில் தொடங்கியபோது, நான் போர்த்திய ஒவ்வொருவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஒரு தடித்த நோட்டில் எழுதிவைத்தேன். தை மாதம் பிறந்ததும் ஒவ்வொருவராக அழைத்து நான்கு கேள்விகள் கேட்பேன்: எரிகிறதா, மேலே வருகிறதா, விழுங்க முடிகிறதா, ஏப்பம் வருகிறதா?

அந்த நோட்டிலும் எனக்கு ஒரு தவறு நேர்ந்தது. ஓர் அம்மாவின் எண் மாறிவிட்டது. இரண்டு ஆண்டுகள் கிடைக்கவில்லை என்று குறித்துவிட்டு விட்டுவிட்டேன். மூன்றாம் ஆண்டு அவருடைய மகனின் எண்ணைத் தேடி அழைத்தபோது, நெஞ்செரிச்சல் அறவே இல்லை என்று அந்த அம்மா மகிழ்ச்சியோடு சொன்னார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். கஞ்சியும் ரசத்தில் கரைத்த சோறும்தான், ஆபரேஷன் செய்த உடம்புக்கு அப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்தேன் தம்பி, என்றார். இட்லியைக்கூட நீர் ஊற்றிக் கரைத்தே விழுங்கியிருக்கிறார். என் போர்வை அவருக்கு இறுக்கமாக இருந்திருக்கிறது. எரிச்சல் போனதை மட்டும் கேட்டிருந்தால் அவரை வெற்றிக் கணக்கில் எழுதியிருப்பேன். எண்டோஸ்கோபி வழியே பலூன் வைத்து இரண்டு முறை விரித்தும் போதாமல், மறுபடி அறுவை செய்து முழுச் சுற்றைப் பிரித்துப் பின்பக்கச் சுற்றாக மாற்றினேன். இப்போது தோசை சாப்பிடுகிறார். அன்றிலிருந்து நோட்டில் ஐந்தாவது கேள்வி சேர்ந்தது: நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள்?

மனைவியின் பித்தப்பைக்காக வந்த மனிதரிடமும் எழுந்து போகுமுன் அதைக் கேட்டேன். பரோட்டா என்றார். எத்தனை என்று கேட்டு அதையும் குறித்துக்கொண்டேன்.